கிராணியாரின் குமட்டல்

கணேசமூர்த்தி தன்னுடைய தொண்டையை அடக்கி ஆள்வது என்று சபதம் எடுத்துக்கொண்டார். மலாக்கா முழுக்க மெர்டேக்கா, மெர்டேக்கா என்று முழங்கிக்கொண்டிருந்த ஆடி மாதம் அது. வெள்ளைக்காரனிடமிருந்து நாடே விடுபடப் போகிறது. ஒரு மனிதர் தன் தொண்டையிடமிருந்து விடுபட நினைத்தது தப்பா? நீங்களே சொல்லுங்கள்.

காஜா பேராங்கில் அவருக்கு நல்ல பெயர். ரப்பர் கிடங்கில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி. நல்ல உயரம், நல்ல மீசை, நாலு வீடு தாண்டிக் கேட்கிற குரல். "பயமா? வீசை என்ன விலை?" என்று கேட்கிற ஆள். ஆனால் சோறும் காப்பியும் தவிர வேறு எது வாய்க்குள் நுழைந்தாலும் அவர் தொண்டை கலகம் செய்யும். காலையில் நாக்கு வழிக்கிற தகட்டைக்கூட நாக்கு நுனியோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் ஒரு நூல் நகர்ந்தால் போதும், "ஓவ்வ்வ்..." கண்ணில் நீர் கொட்டும். முகம் கத்திரிக்காய் நிறமாகும். குடல் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இந்தச் சங்கதி தன்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமான ஆண்கள் இப்படிப் பல விஷயங்களை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இத்தனை காலம் ஒளித்து வைத்த குட்டு உடைபடக் காரணம் ஒரு மூங்கில். மெர்டேக்காவுக்காகக் கிடங்கு வாசலில் அலங்கார வளைவு கட்டினார்கள். கீழே நின்றுகொண்டு, "தைரியமா ஏறுங்கடா, நான் இருக்கேன்ல!" என்று அதிகாரம் பண்ணியவர் நம்மவர். ஏறியவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. மேலேயிருந்து நழுவிய மூங்கில் ஒன்று நேராக அவர் வாயில் வந்து இறங்கியது. நாட்டுக்கு விடுதலை கிடைப்பதற்கு முன்பே அவருடைய மேல்வரிசை முன்பற்கள் விடுதலை வாங்கிக்கொண்டு போய்விட்டன.

பல் போனதும் பேச்சில் காற்று புகுந்தது. "சாரதா" என்று மனைவியைக் கூப்பிட்டால் சீழ்க்கைதான் வந்தது. ஒருநாள் வாசலில் நின்று கூப்பிட்டார். தெருவில் மூன்று சக்கரப் பேச்சாவை மிதித்துக்கொண்டு போன வண்டிக்காரன் தன்னைத்தான் அழைக்கிறார் என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டான். வேறு சமயமாக இருந்தால் இதைச் சிரித்து ஒதுக்கியிருப்பார். ஆவணியில் மகள் விஜயாவுக்குப் பரிசம். புக்கிட் பாரு பொன்னுதுரை வீட்டுச் சம்பந்தம், தேடி வந்த சம்பந்தம். சபை நடுவில் எழுந்து நின்று, "பொண்ணு குடுக்கச் சம்மதம்" என்று பெண்ணைப் பெற்றவர்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் சீழ்க்கை அடித்தால்? பையன்கள் சிரிப்பார்கள். பெரியவர்கள் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். விஜயா தலையைக் குனிந்துகொள்வாள். இருப்பது ஒரே பெண்.

"பொய்ப்பல்லு கட்டிக்கிட்டு வந்துடுங்களேன்," என்றாள் சாரதாம்பாள்.

"கட்டிக்கிட்டாப் போச்சு. இதெல்லாம் ஒரு வேலையா?" என்று சீழ்க்கையோடு கிளம்பினார்.

புங்கா ராயா ரோட்டில் லிம் என்று ஒரு சீனப் பல் வைத்தியர். மிதித்தால் உயரும் நாற்காலியில் கிராணியாரை உட்கார வைத்தார். சுடுநீரில் சிவப்பு மெழுகை இளக்கினார். கரண்டி மாதிரி இருந்த ஒரு தட்டில் அதை அப்பினார். "இதை மேல்வாயில் வைத்து அழுத்துவேன். இறுகும்வரை ஆடாமல் இருக்க வேண்டும். அச்சு கிடைத்தால்தான் பல் செய்ய முடியும்," என்று கடைத்தெருவில் பேசுகிற பசார் மலாயில் விளக்கினார். பிறகு, "தாஹான், கிராணி, தாஹான்" என்றார். பொறுத்துக்கொள் என்று அர்த்தம்.

கணேசமூர்த்தி பொறுத்துக்கொள்ளத்தான் நினைத்தார். தட்டு உதட்டைத் தாண்டியது. மேல்வாயைத் தொட்டது. அப்புறம் நடந்ததை அவரே சரியாகப் பார்க்கவில்லை, கண்ணில் அவ்வளவு நீர். தெளிந்து பார்த்தபோது பாதி மெழுகு லிம்மின் மூக்குக்கண்ணாடியில் இருந்தது, மீதி இவர் சட்டையில் இருந்தது. லிம் தன் விரலை உதறிக்கொண்டிருந்தார்.

"உன் வாயில் நான் அச்சு எடுக்க வந்தேன். நீ என் விரலில் அச்சு எடுத்துவிட்டாயே!"

நல்ல மனிதர், விரட்டவில்லை. வீட்டில் பழகிக்கொண்டு வரச் சொன்னார். கரண்டிக் காம்பைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டுப் பழகு. மூக்கால் மூச்சு விடு. நாக்கு நுனியில் ஒரு கல் உப்பு வைத்துக்கொள். அப்படியும் குமட்டினால் ஒரு காலைத் தூக்கிக்கொள், நினைப்பு காலுக்குப் போய்விடும் என்றார்.

வீட்டுப் படி ஏறும்போதே சாரதாம்பாள் கேட்டாள்.

"என்னங்க, அச்சு எடுத்தாச்சா?"

"மெழுகு தீர்ந்துபோச்சாம். சிங்கப்பூர்லேருந்து வரணுமாம்."

"மெழுகுக்கா சிங்கப்பூரு?"

"இது வேற மெழுகு. உனக்குச் சொன்னா புரியாது."

"சட்டையில செவப்பா ஒட்டியிருக்கே, அது என்னங்க?"

"அது... போன மாசத்து மெழுகு."

"ஓகோ," என்றாள் சாரதாம்பாள். அவளுடைய 'ஓகோ' ரொம்பச் சின்னது. அதற்குள் என்ன வைத்திருக்கிறாள் என்று அவர் ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை.

மறுநாள் விடியலில் போர் தொடங்கியது. வீட்டுக்குப் பின்னால் தகரம் அடித்த குளியலறை. கிராணியார் உள்ளே புகுந்து தாழ் போட்டார். ஒரு கையில் அகப்பை, நாக்கு நுனியில் உப்பு, ஒற்றைக் காலில் நிலை. காம்பை மெல்ல உள்ளே விட்டார்.

"ஓவ்வ்வ்வ்!"

உப்பு போன இடம் தெரியவில்லை. தூக்கிய காலை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. சோப்பின் மேல் வைத்துவிட்டுத் தகரத்தைப் பிடித்துத் தொங்கினார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி விட்டார். மறுபடி "ஓவ்வ்வ்!" தினமும் இதே கதை. பழகப் பழகத் தொண்டைக்குத்தான் பலம் கூடியது. சில நாளில் காம்பு உதட்டில் படுமுன்பே குமட்டல் வந்து காத்திருந்தது. மத்தியானம் சாரதாம்பாள் அகப்பையால் குழம்பு ஊற்ற வந்தாலும் ஓர் "ஓவ்" வந்தது.

"ஏங்க, குழம்பு நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. கரண்டியில ஊத்து."

ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. கனவில்கூட யாரோ தட்டை நீட்டிக்கொண்டு "தாஹான், தாஹான்" என்று துரத்தினார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னறையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தபோது பின்கட்டில் அஞ்சலையின் குரல் கேட்டது. அடுத்த வீட்டுக்காரி. லோரி ஓட்டுகிறவர் மனைவி. அவள் அடுப்படிக்கும் இவர்கள் குளியலறைக்கும் நடுவில் ஒரே ஒரு தகரம்.

"அக்கா, இந்தாங்க மாங்கா ஜெருக். உங்களுக்குன்னே நல்லா புளிப்பா ஊறப்போட்டேன்."

"எனக்கு எதுக்கு அஞ்சலை?"

"எதுக்கா? எனக்குக் காது இல்லையாக்கா? விடிஞ்சா போதும், குளியலறையில ஓவ் ஓவ்னு ஒரே சத்தம். கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

ஜெருக் பாட்டிலின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"வெக்கப்படாதீங்க. கல்யாணத்துக்குப் பொண்ணு நிக்கிறப்ப கொஞ்சம் சங்கடந்தான். அதுக்குன்னு கடவுள் குடுக்கிறத வேணாம்னா சொல்ல முடியும்? எத்தனை மாசம்?"

கணேசமூர்த்தியின் கையிலிருந்து பத்திரிகை நழுவியது. மனைவி மறுக்கப் போகிறாள், சத்தம் போடப் போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"இந்த வயசுல இதெல்லாம் வெளிய பேசுற விஷயமா அஞ்சலை?" என்றாள் சாரதாம்பாள். அடுத்து 'நறுக்' என்று மாங்காய் கடிபடும் சத்தம்தான் கேட்டது.

அஞ்சலை போனதும் அவர் பின்கட்டுக்குப் பாய்ந்தார்.

"ஏன்டி, இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாங்க. அப்ப குமட்டுறது யாருன்னு கேப்பா. யாருன்னு சொல்லட்டும்?"

கிராணியார் கூரையைப் பார்த்தார்.

"பூனை."

"பூனையா?"

"பெரிய பூனை."

"ஓகோ," என்று சொல்லி இன்னொரு துண்டு ஜெருக்கை எடுத்துக்கொண்டாள்.

செங் ஊர் வரைக்கும் போகிற பஸ்ஸைவிட வேகமாகச் செய்தி போயிற்று. காப்பிக்கடையில் நுழைந்தால், "கிராணி, கையக் குடுங்க!" என்றார்கள். பரிசப் புடவை எடுக்க ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்குப் போனால், கடைக்காரர் குனிந்து ரகசியமாக, "தொட்டில் கட்ட நல்ல மெல்லிசுத் துணி வந்திருக்கு, எடுத்துப் போடட்டுமா?" என்றார். கணேசமூர்த்தி புடவையை மறந்துவிட்டுக் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு ஓடி வந்தார். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

இதெல்லாம் பெரிதில்லை. பெரிது அடுத்த சனிக்கிழமை வந்தது. வாசலில் சைக்கிள் நின்றது. பொன்னுதுரை இறங்கினார். வருங்காலச் சம்பந்தி முகத்தில் வழக்கமான சிரிப்பைக் காணோம். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"சம்பந்தி, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வீட்டுல ஒரே பேச்சு. எங்க பையனுக்கு மச்சான் இனிமேதான் பொறக்கப் போறான்னு ஊரே சிரிக்குதாம்."

கிராணியாருக்கு மண்டையில் மூங்கில் விழுந்தது போலிருந்தது.

"அதனால பரிசத்த தைக்குத் தள்ளி வெச்சிக்கலாம். தை வந்ததும்... பாப்போம்."

அந்தப் 'பாப்போம்'தான் கணேசமூர்த்தியைக் கொன்றது. 'பாப்போம்' என்று சொன்ன சம்பந்தம் எதுவும் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் விஜயாவின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. அந்த நிசப்தம் அவர் நெஞ்சை அறுத்தது. மீசை, கௌரவம், 'வீசை என்ன விலை' எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார்.

"சம்பந்தி, அது பொய்! குமட்டுனது அவ இல்ல. நான்!"

பொன்னுதுரை அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார்.

"பொண்டாட்டிய விட்டுக்குடுக்க மாட்டீங்க. நல்ல மனசு. அதுக்குன்னு இவ்வளவு தூரம் போகணுமா?"

"ஐயோ, சத்தியமா நான்தான்!" என்று மெழுகு, அகப்பை, உப்பு, ஒற்றைக்கால் எல்லாவற்றையும் கொட்டினார். "இப்பவே அகப்பைய எடுத்துக்கிட்டு வந்து காட்டுறேன், பாருங்க!"

"அகப்பைய விட்டா எனக்குந்தான் குமட்டும். அது ஒரு சாட்சியா?"

அடுப்படித் திரைக்குப் பின்னாலிருந்து சாரதாம்பாளின் குரல் வந்தது. பணிவான குரல்.

"அண்ணே, இவரு சொல்றது நெசமா பொய்யான்னு நான் என்னத்தக் கண்டேன்? அந்தப் பல்லு வைத்தியர் கடையிலேயே உக்கார வெச்சுப் பாத்துடுங்க. குமட்டுனா இவரு. குமட்டலைன்னா... ஊரு சொல்றதுதான். அஞ்சலையும் கூட வந்து பாக்கட்டும். அவ வாய அடைச்சாத்தான் ஊரு வாய் அடையும்."

பொன்னுதுரை யோசித்தார். "சரி. குமட்டிக் காட்டுங்க. ஆவணியிலேயே பரிசம்."

கிளம்பும்போது சாரதாம்பாள் கணவரை ஓரமாக நிறுத்தி, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"இத பாருங்க. குமட்டியே ஆகணும். சும்மா இல்ல, புக்கிட் பாரு வரைக்கும் கேக்குற மாதிரி குமட்டணும். இல்லன்னா நம்ம புள்ள வாழ்க்கை போச்சு."

"அதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா? எனக்குத் தானா வர்றது அது ஒண்ணுதான்டி!" என்றார் கணேசமூர்த்தி. பல நாளைக்கப்புறம் அவர் நெஞ்சில் கொஞ்சம் தெம்பு வந்தது.

லிம் அவரைக் கண்டதும் விரலில் துணி சுற்றிக்கொண்டார். கிராணியார் நாற்காலியில் மகாராஜா மாதிரி ஏறி உட்கார்ந்தார். உப்பு நீட்டப்பட்டது, வேண்டாம் என்று தள்ளினார். காலைத் தூக்கச் சொன்னார் லிம், இரண்டு காலையும் அழுத்தி ஊன்றிக்கொண்டார். மூக்கால் மூச்சு விடச் சொன்னார், பிடிவாதமாக வாயால் விட்டார். இடப்பக்கம் பொன்னுதுரை, வலப்பக்கம் அஞ்சலை. இருவரும் குனிந்து அவருடைய வாய்க்குள் பார்த்தார்கள்.

தட்டு நுழைந்தது. மேல்வாயில் அழுந்தியது. கணேசமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு குமட்டலுக்குக் காத்திருந்தார்.

வரவில்லை.

கொஞ்சம் பொறு, வந்துவிடும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். வரவில்லை. வா, வா என்று உள்ளுக்குள் கெஞ்சினார். விளக்கெண்ணெயை நினைத்தார். கிடங்கில் புளித்துக் கிடக்கும் ரப்பர் பாலை நினைத்தார். மழைக்காலத்துச் சாக்கடையை நினைத்தார். நாக்கு வழிக்கும் தகட்டை அடித்தொண்டை வரைக்கும் விடுவதாக நினைத்தார். தொண்டை பச்சைக் குழந்தை போல் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வியர்வை ஆறாக ஓடியது. விஜயாவின் வளையல் நின்ற அந்த நிசப்தம் காதில் கேட்டது. பாழாய்ப்போன தொண்டையே, வேண்டாத நாளெல்லாம் வந்தாயே, பெண்ணைப் பெற்றவன் கூப்பிடுகிறேன், இன்றைக்கு ஒரே ஒரு தடவை வரக் கூடாதா?

"என்னண்ணே, ஒண்ணையும் காணோமே?" என்றாள் அஞ்சலை.

பொய்யாகவாவது குமட்டிவிடலாம் என்று முயன்றார். வாய் நிறைய மெழுகு. "ம்ம்ம்ம்" என்றுதான் வந்தது.

"பாட்டு வேற பாடுறாரு!"

"பாகுஸ், பாகுஸ்! இதுதான் நல்ல வாய்!" என்று லிம் குதூகலித்தார். மெழுகு இறுகியது. தட்டு வெளியே வந்தது. கோடு கோடாக, ஒரு பழுதில்லாத அச்சு.

அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அப்பவே தெரியும். அக்கா மானத்தக் காப்பாத்த இந்த நாடகம். உங்கள மாதிரி புருஷன் யாருக்குண்ணே கெடைப்பான்?" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். ஊருக்குச் சொல்ல அவளுக்கு எவ்வளவோ இருந்தது.

"இன்னொரு தடவ! இன்னொரு தடவ வையிங்க!" என்று கணேசமூர்த்தி லிம்மின் கையைப் பிடித்து இழுத்தார். லிம் விரலைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கிராணியார் பொன்னுதுரையின் பக்கம் திரும்பினார். குரல் உடைந்துவிட்டது. "சம்பந்தி, என் தொண்டை பண்ணின தப்புக்கு என் பொண்ணத் தண்டிச்சிடாதீங்க..."

பொன்னுதுரையின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால், மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க சம்பந்தி, இதுக்கு மேல முடியல. பரிசம் ஆவணியிலதான். எவன் தள்ளி வெச்சான்? பேச்சு கெளம்பினது நெசம், எங்க வீட்டுல மூஞ்சியத் தூக்கி வெச்சதும் நெசம். ஆனா சாரதா தங்கச்சி, நீங்க வேலைக்குப் போயிருந்தப்ப பஸ் ஏறி எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. அகப்பைக் கதைய முழுசா சொன்னாங்க. எங்க வீட்டுல சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக் கோழி பறந்துபோச்சு."

"அவளுக்கு... அகப்பை தெரியுமா?"

"மொத நாளே தெரியுமாம். காம்புல பல்லு பதிஞ்சிருந்துச்சாம். அப்புறம் எங்கிட்ட கேட்டுக்கிட்டாங்க. 'அண்ணே, எதைச் செய்னு சொன்னாலும் அதுக்கு நேர் எதிராப் போறது அவரு சுபாவம். தொண்டையும் அவரோடதுதானே? குமட்டாதீங்கன்னா குமட்டும். குமட்டுங்கன்னு மெரட்டினா அடங்கிடும். நீங்க வந்து கொஞ்சம் மெரட்டிட்டுப் போங்க'ன்னாங்க."

கணேசமூர்த்தி நாற்காலியில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். மகள் பிழைத்தாள் என்ற நிம்மதியில் கண் கலங்கியது. மனைவியை நினைத்ததும் கலங்கிய கண் சிவந்தது. வீடு போய்ச் சேரும்வரை என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

சாரதாம்பாள் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் விசிறி. தகரத்துக்கு அந்தப் பக்கம் அஞ்சலையோடு இன்னும் நாலைந்து பெண்களின் தலை தெரிந்தது.

"எல்லாம் உன் வேலை!" என்று பல்லில்லாத வாயால் சீறினார்.

"பல்லு என்னிக்குங்க குடுக்கிறாராம்?"

"அத விடு! இப்பவே அஞ்சலைகிட்டப் போய், எனக்கு ஒண்ணும் இல்லன்னு உண்மையச் சொல்லு!"

"சொல்றேங்க. பரிசம் முடிஞ்ச மறுநாளு மொத வேலையா சொல்லிடுறேன்."

"அதுவரைக்கும் எதுக்கு?"

சாரதாம்பாள் விசிறியால் சுற்றிலும் காட்டினாள். பரிசப் பலகாரத்துக்கு ஊறிய அரிசி உரல் பக்கத்தில் இருந்தது. பிளக்காத விறகு குவிந்து கிடந்தது. கிணற்றடியில் காலிக் குடங்கள் வரிசையாக நின்றன.

"இந்த நெலமையில நான் இதெல்லாம் தொடவே கூடாதுன்னு அஞ்சலை ஊர் முழுக்கச் சொல்லிட்டா," என்றாள். "எல்லாரும் உங்களத்தான் பாக்குறாங்க. குடத்த எடுங்க."